ஏலகிரிக்குக் கடைசியாக ஏறியவள்

மெட்ரோ ரயிலுக்காக மந்தைவெளியில் சாலையைத் தோண்டிய வருடம்தான் நான் சைக்கிளுக்கு மாறினேன். நான் வேதியியல் நடத்தும் பள்ளிக்கூடம் சாந்தோம் பக்கம். வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. ஸ்கூட்டரில் பத்து நிமிடத்தில் போய்க்கொண்டிருந்தேன். தகரத் தடுப்புகள் வந்தபின் அதே தூரத்துக்கு நாற்பது நிமிடம் ஆனது. ஒருநாள் தாமதமாகப் போய், பிரேயர் முடியும்வரை கேட்டுக்கு வெளியே மாணவிகளோடு மாணவியாக நின்றேன். அன்று சாயங்காலமே, கோயம்புத்தூரில் படிக்கப் போன மகள் பால்கனியில் விட்டுச் சென்றிருந்த கியர் சைக்கிளைத் தூசி தட்டினேன். அதன் மேல்தான் என் கணவர் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“இப்ப நான் துண்டை எங்க போடறது?” என்றார். வீட்டில் கிளம்பிய எதிர்ப்பு அவ்வளவுதான்.

ஐம்பத்திரண்டு வயதில் சுடிதாரோடு சைக்கிள் மிதிக்கும் டீச்சரைத் தெரு மூன்று நாள் வேடிக்கை பார்த்தது. நான்காம் நாள் மறந்துவிட்டது. எனக்குத்தான் அது சாதாரண விஷயமாக ஆகவேயில்லை. ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும் கார்களின் ஓரமாகப் புகுந்து போகும்போது, எங்கள் தலைமையாசிரியையின் காரும் அதில் இருந்தால், எனக்கு வந்த குஷியை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருப்பது கஷ்டமாக இருந்தது. பள்ளிக்குப் போய் வந்தது போதாமல் பெசன்ட் நகர் வரை போனேன். பிறகு திருவான்மியூர், அதற்குப் பிறகு கோவளம். ஒரு வருடத்தில் உட்காரும் இடத்தில் பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டை வாங்கும் அளவுக்கு முற்றிவிட்டது.

அப்போதுதான் போனில் அந்தப் போட்டி அறிவிப்பைப் பார்த்தேன். ஏலகிரி அடிவாரத்துக்கு முன்னால் பத்து கிலோமீட்டர் சமவெளி, பிறகு பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், மலை உச்சியில் முடிவு. இரண்டு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். பதினொன்றாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த நேரம் அது. பென்சீனை ஐந்து மூலை போட்டு வரைந்திருந்த ஒரு தாளைப் பார்த்து மனம் வெறுத்து, அதை மூடி வைத்துவிட்டுப் பெயர் கொடுத்துவிட்டேன்.

“ஏலகிரி பாக்கணும்னா கார்லயே போலாமே?” என்றார் கணவர்.

“பாக்கறதுக்கு இல்லீங்க. ஏறறதுக்கு.”

“அதான், கார்லயே ஏறலாமே?”

முதலில் சைக்கிளைத் தயார்செய்ய வேண்டியிருந்தது. ராயப்பேட்டையில் ஒரு பாய் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். மூன்று தலைமுறையாக அதே இடம். வீட்டாரோடு உருதுவிலும் வாடிக்கையாளரோடு தமிழிலும் சைக்கிளோடு இரண்டிலும் பேசுவார். என் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றிப் பார்த்தார்.

“டீச்சரம்மா, இது பீச்சுல காத்து வாங்குறதுக்கு செட் பண்ண கியர். மலை ஏர்றதுக்கு இல்ல.”

“என்ன செய்யலாம் பாய்?”

உள்ளே போய் ஒரு பல்சக்கரத்தோடு வந்தார். சாப்பாட்டுத் தட்டில் முக்கால்வாசி இருந்தது. “இத்த பின்னாடி போட்றேன். மெதுவாத்தான் போவும். பக்கத்துல நடந்து வர்றவரு உங்கள தாண்டிப் போவாரு. அதுக்கெல்லாம் கோவப்படக் கூடாது. மிதிச்சிக்கினே இருக்கணும்.”

அடுத்த சிக்கல் மலை. சென்னையில் அதற்கு எங்கே போவது? நான் மேம்பாலங்களைப் பிடித்தேன். காலை ஐந்தரை மணிக்கு அடையாற்றுப் பாலத்தில் ஆரம்பித்து, வழியில் எது கொஞ்சம் உயர்ந்திருந்தாலும் அதில் ஏறினேன். ஏறி இறங்கி, திரும்பி வந்து மறுபடி ஏறினேன். நடைப்பயிற்சி போகிறவர்கள், நான் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதாக நினைத்தார்கள். “இன்னா விழுந்துச்சு, கம்மலா?” என்று ஒரு பெரியவர் குனிந்து தேடவே ஆரம்பித்துவிட்டார். நன்றாகப் பழகிவைத்திருந்த ஒரு மேம்பாலத்தை மெட்ரோ வேலைக்காகப் பாதி இடித்தபோது, ஊரார் போக்குவரத்து நெரிசலைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். நான் என் மலை போய்விட்டதே என்று வருந்தினேன்.

கடைசியில் கிண்டியைத் தாண்டிப் பரங்கிமலைக்குப் போனேன். சின்ன வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போன இடம். பின்பக்கமாக வண்டிகள் போகும் சாலை ஒன்று உண்டு. குட்டையான சாலைதான், ஆனால் உண்மையான ஏற்றம். சனிக்கிழமை காலைகளில் அதில் ஆறு தடவை, எட்டு தடவை, பத்து தடவை என்று ஏறினேன். மேலே போய்ச் சேரும்போதெல்லாம் மாதா கோயில் வாசலில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றும் சிஸ்டர் ஒருவர் என்னைப் பார்ப்பார். மூன்றாவது வாரம், நான் ஏழாவது தடவையாக மூச்சிரைத்துக்கொண்டு வந்து நின்றபோது, கையிலிருந்த குழாயைக் கீழே போட்டுவிட்டு அருகே வந்தார்.

“எம்மாம் பெரிய நேர்ச்சைம்மா இது? வீட்ல யாருக்கும் உடம்பு சரியில்லையா?”

“இல்ல சிஸ்டர். ஏலகிரிக்குப் போறேன்.”

“ஏலகிரில எந்தக் கோயில்?”

சைக்கிள் போட்டி என்று சொன்னேன். குனிந்து குழாயைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பிறகு, “சரி, நானும் ஜெபிச்சுக்கறேன். முழங்கால பாத்துக்கோ,” என்றார்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மதியமே சைக்கிளின் சக்கரத்தைக் கழற்றிக் காரின் பின்சீட்டில் படுக்கவைத்து, வழியில் ஓர் ஊர் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாக மாலைப் பூசை பார்த்துவிட்டு, ஜோலார்பேட்டையில் ஒரு லாட்ஜில் தங்கினோம். விடிந்ததும் போட்டி தொடங்கும் இடத்துக்குப் போனால், நூறு பேருக்குமேல் நின்றார்கள். எல்லோரும் ஒல்லி. காலில் முடியை மழித்துவிட்டு எண்ணெய் தேய்த்த ஆண்களை நான் அன்றுதான் பார்த்தேன். நான் ஓரமாக நின்று வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தபோது, ஓர் இளைஞன் அன்பாகக் கேட்டான்:

“ஆன்ட்டி, உங்க பையன் ரேஸ்ல இருக்கானா?”

திரும்பி முதுகைக் காட்டினேன். அதில் என் எண் குத்தியிருந்தது. “ஸாரி ஆன்ட்டி,” என்று சொல்லிவிட்டு, “சூப்பர் ஆன்ட்டி,” என்றும் சேர்த்துக்கொண்டான்.

என் கணவர் காரில் மலைக்கு மேலே போய்க் காத்திருப்பதாக ஏற்பாடு. “அவசரப்படாதே. நிதானமா வா. பங்கெடுத்துக்கறதுதான் முக்கியம்,” என்றார். நானும் அதையேதான் பள்ளியில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

ஆறரைக்கு விசில் ஊதினார்கள். ஐந்து நிமிடத்தில் நூறு பேரும் கண்ணிலிருந்து மறைந்தார்கள். சமவெளியில் நான் ஒன்றும் மோசமில்லை. ஆனால் அவர்கள் போன வேகம் வேறு. தென்னந்தோப்பும் கரும்புமாக இருந்த சாலையில் நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால், சிவப்புக் கொடி கட்டிய ஒரு வேன் மட்டும் அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தது. போட்டியில் கடைசியாக வருபவருக்குப் பின்னால் வந்து, முடியாமல் நின்றவர்களை ஏற்றிக்கொள்ளும் வண்டி அது.

ஏழு மணிக்கு அடிவாரம். பாய் போட்டுக் கொடுத்த பெரிய பல்சக்கரத்தில் செயின் போய் உட்கார்ந்தது. முதல் வளைவு வரை நன்றாக இருந்தது. இரண்டாவது வளைவில், பரங்கிமலையாக இருந்தால் இந்நேரம் இறக்கம் வந்திருக்கும் என்று உடம்பு எதிர்பார்த்தது. இறக்கம் வரவில்லை. மூன்றாவது வளைவு தாண்டியதும் வேன் என் பக்கத்தில் வந்தது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். என் வயதுதான் இருக்கும்; நெற்றி நிறையத் திருநீறு.

“இன்னா மேடம், ஏசி கீது. ஏறிக்கிறீங்களா?”

“வேணாங்க.”

“உள்ள ஏற்கனவே ரெண்டு பேர் கீறாங்கோ. பிஸ்கட் துன்னுக்கினு ஜாலியா கீறாங்கோ. கூச்சப்படாதீங்க.”

பின்ஜன்னலில் இரண்டு இளைஞர்கள் தெரிந்தார்கள். ஒருவனுக்குக் கால் நரம்பு இழுத்துக்கொண்டதாம், இன்னொருவனுக்குச் செயின் அறுந்துவிட்டதாம். இருவரும் எனக்குக் கையாட்டினார்கள்.

நான்காவது வளைவில், “இப்போ?” என்றார் டிரைவர். ஐந்தாவது வளைவில், “மேடம், உங்க பின்னாடி ஃபர்ஸ்ட் கியர்லயே வந்துகினு கீறேன். கிளட்ச் கருகுது. என் வண்டிக்காகவாவது ஏறுங்க,” என்றார். பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை.

ஆறாவது வளைவில் இறங்கிவிட்டேன். சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்தேன். கீழே வயல்களும் ஏரியும் பனிமூட்டத்தில் கிடந்தன. அழகாகத்தான் இருந்தது, ரசிக்கத் தெம்பில்லை. முதுகுப் பையில் வைத்திருந்த வாழைப்பழத்தை எடுத்து உரித்தேன். ஒரு கை வந்து அதை வாங்கிக்கொண்டது. திரும்பினால் குரங்கு. அது என் கண்ணெதிரே உட்கார்ந்து, அவசரமில்லாமல் முழுதையும் தின்றது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. வேனில் ஏறிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன்.

டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு, போட்டி நடத்துகிறவர்கள் கொடுத்திருந்த காகிதங்களைப் புரட்டிக்கொண்டு இறங்கி வந்தார். ஏறுகிறவர்களின் எண்ணுக்கு நேரே கோடு போட வேண்டுமாம்.

“உங்க நம்பர் இன்னா?”

சொன்னேன். விரலை வைத்துத் தேடினார். ஒரு தாள், இரண்டு தாள், மூன்றாவது தாள். அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது.

“மேடம்,” என்றார். குரல் மாறிவிட்டது. “லேடீஸ், அம்பது வயசுக்கு மேல. அந்த லிஸ்ட்டுல ஒருத்தர்தான் கீறாங்க.”

“யாரு?”

“நீங்கதான்.”

எனக்கு விளங்கவில்லை.

“அட, போட்டிக்கே வேற ஆளு இல்ல மேடம்! நீங்க டைமுக்குள்ள மேல போய்ச் சேந்தா கப்பு உங்களுக்கு. வண்டில ஏறிட்டீங்கன்னா கப்பு யாருக்கும் இல்ல. அப்படியே பொட்டிக்குள்ள போயிடும்.”

இதைக் கேட்டு நான் என்ன நினைத்திருக்க வேண்டும்? ஆளே இல்லாத போட்டியில் ஜெயிப்பதில் என்ன பெருமை என்று நினைத்திருக்க வேண்டும். முப்பது வருடம் ஆசிரியையாக இருந்தவள். ஒரே ஒரு மாணவி உள்ள வகுப்பில் அவள் முதல் ரேங்க் எடுத்தால் நானே கேலி செய்வேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தக் கப் வேண்டும் என்று இருந்தது. பசிபோல இருந்தது. பங்கெடுப்பதுதான் முக்கியம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள், அந்தச் சுவரில் உட்கார்ந்து கப் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று யோசித்தேன். பள்ளிப் பருவத்தில் நான் வாங்கிய ஒரே பரிசு வருகைப் பதிவுக்குக் கொடுத்தது. ஒரு சோப்பு டப்பா.

“மணி என்ன?”

“ஏழு நாப்பது. இன்னும் எட்டு வளைவு, அம்பது நிமிசம்.” பேப்பரைச் சுருட்டிப் பையில் வைத்தார். “எந்திரிக்கா. சொல்லிட்டேன், இனிமே வண்டில எடம் கெடையாது.”

மேடம் அக்காவானது அந்த ஆறாவது வளைவில்தான்.

அதற்குப் பிறகு அவர் என் பின்னால் வரவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் போய் நின்றுகொண்டு, நேரத்தைக் கத்திச் சொன்னார். வடபழனிக்காரராம், சினிமா படப்பிடிப்புகளுக்கு வேன் ஓட்டுகிறவராம். அதனால் அவருக்குச் சொல்லத் தெரிந்த உதாரணங்களெல்லாம் அங்கிருந்தே வந்தன. “ஒரு ஹீரோ இதே மாதிரி ரோட்டுல பதினஞ்சு டேக் ஓடினாருக்கா! உங்களுக்கு ஒரே டேக்கு!” என்றார் எட்டாவது வளைவில். ஒன்பதாவதில் குரங்குக் கூட்டம் ஒன்று சாலையை மறித்து உட்கார்ந்திருந்தது. அவர் இறங்கிப் போய், “ஏய், தள்ளு, தள்ளு, ஷாட் போய்க்கினு கீது!” என்று துண்டை வீசி விரட்டினார். வேனில் இருந்த இளைஞர்கள் இருவரும் தங்கள் தோல்வியை மறந்துவிட்டு, தகரத்தில் தாளம் போட்டுக் கத்தினார்கள்.

பதினோராவது வளைவில் நான் கிட்டத்தட்ட நின்றுவிட்டேன். சைக்கிள் ஆடியது. செயின் அறுந்த இளைஞன் ஓடி வந்து, என் சீட்டுக்குப் பின்னால் கையை நீட்டினான்.

“தொடாதே!” என்றேன். ஆய்வகத்தில் பியூரெட்டைத் தப்பாகப் பிடிப்பவர்களுக்கென்று வைத்திருக்கும் குரல் அது. “தள்ளிவிட்டா கணக்கில்ல!”

“ஸாரி மிஸ்,” என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். நான் டீச்சர் என்று அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

பதினான்காவது வளைவு முடிந்ததும் சாலை கொஞ்சம் சமமாயிற்று. காற்று குளிர்ந்தது. ஆனால் முடிவுக் கோடு இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருந்தது. “ஏழு நிமிசம்! மிதிக்கா, மிதி!” வேன் பக்கத்திலேயே வந்தது. டிரைவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையில் போனைப் பிடித்துப் படம் எடுத்தார். அப்படி ஓட்டக் கூடாது என்று கண்டிக்க நினைத்தேன். மூச்சை மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. தொடை இரண்டும் எரிந்தன. கண்ணில் வியர்வை இறங்கியது. அந்தக் கலங்கலில் ஒரு திருப்பத்தில் ஆரஞ்சு நிறமாக என்னவோ தெரிந்தது.

முடிவுக் கோட்டின் மேல் நிறுத்தியிருந்த, காற்றடைத்த அலங்கார வளைவு அது. போட்டி முடிந்துவிட்டதென்று நினைத்து, அதன் காற்றைப் பிடுங்கிவிடத் தொடங்கியிருந்தார்கள். ஒரு பக்கம் சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரனை அழுத்திய அழுத்தில் அங்கிருந்தவர்கள் பதறித் திரும்பினார்கள். “ஆளு வருது, ஆளு வருது! தூக்கிப் பிடி!” என்று யாரோ கத்த, நாலு பேர் ஓடிவந்து பந்தல் துணியைப் போல அதை மேலே தூக்கிப் பிடித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே புகுந்து வெளியே வந்தேன். நேரம் பார்ப்பவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் மீதி இருந்தது.

கீழே விழவில்லை, மெதுவாகப் புல்லில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். டிரைவர் வேனிலிருந்து குதித்து வந்து, என்னைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக் குலுக்கினார். நான் கணவரைத் தேடினேன். காணோம். பத்து நிமிடம் கழித்து, கையில் பலாச்சுளைப் பொட்டலத்தோடு சாவகாசமாக வந்தார். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு நின்றார்.

“அதுக்குள்ள வந்துட்டியா? ஒம்போது ஆகும்னு நெனச்சேனே!”

“எங்க போனீங்க?”

“பலாப்பழம்…” என்று பொட்டலத்தை நீட்டினார். அந்த நிலையில் அவரைத் திட்டவும் தெம்பில்லை. பலா நன்றாகவும் இருந்தது. நான் முடிவுக் கோட்டைத் தாண்டியதை அவர் பார்த்தது டிரைவரின் போனில்தான். அதில் பாதி நேரம் வானம்தான் தெரிகிறது. முழுநேரமும் கேட்பது டிரைவரின் சத்தம்.

பரிசளிப்பில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிய மரப்பெட்டிகளைப் போட்டிருந்தார்கள். என் பிரிவை அழைத்தபோது நான் போய் நடுவில் உள்ள உயரமான பெட்டியில் ஏறினேன்.  மைக் பிடித்தவர், “இரண்டாம் பரிசு…” என்று ஆரம்பித்துவிட்டுத் தாளைப் பார்த்து நிறுத்தினார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். புகைப்படக்காரர், “ரெண்டு பக்கமும் மொட்டையா இருக்கு மேடம், யாராவது நின்னா நல்லாருக்கும்,” என்றார். அதனால் அந்தப் படத்தில் இரண்டாம் இடத்தில் என் கணவர் பலாச்சுளையோடும், மூன்றாம் இடத்தில் வேன் டிரைவர் கும்பிட்டபடியும் நிற்கிறார்கள். கப் நான் யோசித்ததைவிடச் சின்னதுதான். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

திங்கட்கிழமை அசெம்பிளியில் தலைமையாசிரியை, “நம் வேதியியல் ஆசிரியை ஏலகிரி மலையேற்ற சைக்கிள் போட்டியில் முதல் பரிசு,” என்று மைக்கில் சொன்னார். மைதானம் முழுக்கக் கைதட்டல். மூன்றாவது பீரியடில் பதினொன்றாம் வகுப்புக்குள் நுழைந்ததும், முதல் பெஞ்சில் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

“மிஸ், மொத்தம் எத்தனை பேர் மிஸ் உங்க பிரிவுல?”

சாக்பீஸைக் கையில் எடுத்தபடி யோசித்தேன். பொய் சொல்லியிருக்கலாம். பாடத்தை ஆரம்பித்திருக்கலாம்.

“ஒருத்தி,” என்றேன்.

 வகுப்பே இடிந்து விழுவதுபோல் சிரித்தது. நான் கடைசியாக வந்ததையும், குரங்கு பழத்தைப் பிடுங்கியதையும், சரிந்த வளைவையும் சொன்னேன். அன்று பாடம் நடக்கவில்லை. மணி அடித்தபோது கேள்வி கேட்டவள் எழுந்து, “எங்க அம்மாவுக்கு அம்பது ஆவுது மிஸ். அவங்களையும் கூட்டிட்டுப் போவீங்களா?” என்றாள்.

அந்த அம்மா மந்தைவெளி ரயில் நிலையம் பக்கம் தையல் கடை வைத்திருப்பவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பூசை முடிந்து நான் வெளியே வரும்போது, எதிரே சைக்கிளோடு நின்றார். ஒரு மாதத்தில் ஐம்பதைத் தாண்டிய எங்கள் பள்ளி நூலகரம்மாவும் சேர்ந்துகொண்டார். மூன்று பேரும் அடையாற்றுப் பாலத்தில் ஏறி இறங்கினோம். அடுத்த வருடம் அதே ஏலகிரி, அதே பிரிவு. இந்தத் தடவை மூன்று பெட்டிகளுக்கும் ஆள் இருந்தது.

தையல்காரம்மா முதலில் வந்தார். கடைசி வளைவு வரை என் பின்னாலேயே பேச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தவர், சமதரை வந்ததும் எழுந்து நின்று மிதித்தார் பாருங்கள், என்னால் பிடிக்கவே முடியவில்லை. இரண்டு சைக்கிள் நீளத்தில் நான் இரண்டாவது. “வாழ்த்துகள்” என்று கைகொடுத்தேன். மற்றபடி, மலையிலிருந்து இறங்கி ஆம்பூரில் பிரியாணி வரும்வரை நான் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.